கூடத்து மச்சு இறங்கிய கதை



போன ஐப்பசி மழையில் ஊர் வீட்டுக் கூடத்து மச்சு ஓரிடத்தில் நாலு விரல் இறங்கிவிட்டது. "ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால் தெரியாது மாமா" என்றார் மாப்பிள்ளை. இடித்துவிட்டுக் கான்கிரீட் போடலாம் என்றார் ஒரு கொத்தனார். எனக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு.

இந்த மச்சுக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில், மூலையிலிருந்து கோணலாக, குத்தவைத்து அடுக்குவார்கள். ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அடியில் பலகை அடிக்க வேண்டியதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு.

அந்தத் தேக்கு எங்கிருந்து வந்தது? 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு அங்கிருந்து கப்பல் கப்பலாக மரம் வந்தது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயிலும் ஓடத் தொடங்கியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் வரத்து நின்றது. அதற்குள், 1939-இலேயே, டால்மியாபுரத்தில் சிமெண்ட் ஆலை வந்துவிட்டது. பிறகு எல்லாம் சிமெண்டும் கம்பியும்தான். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் குறைந்துபோயின.

சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாப் கட்டிய கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. கூரை விழுந்தது, தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பொதுப்பணித் துறை அதை இடிக்காமல், பழைய முறையிலேயே மெட்ராஸ் டெரஸ் போட்டு மீட்டது. அரண்மனைக்கு முடிந்தது நம் கூடத்துக்கு முடியாதா என்று நினைத்தேன்.

விசாரித்து, எழுபது வயது தாண்டிய ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தவர், "ஐயா, இந்த சிமெண்டை யார் போட்டது?" என்றார். நான்தான். இருபது வருடத்துக்கு முன், ஒழுகுகிறது என்று தட்டோட்டின் மேல் பூசச் சொன்னேன். பாரம் கூடியது. சிமெண்ட் வெடித்து, உள்ளே போன தண்ணீர் காய வழியில்லாமல் சுவருக்குள் இருந்த கட்டை நுனியை உளுக்க வைத்துவிட்டது. மச்சு முதுமையால் தொய்யவில்லை. என் அவசரத்தால் தொய்ந்தது.

சவுக்கு முட்டுக் கொடுத்து, சிமெண்டைப் பெயர்த்து, உளுத்த இரண்டு கட்டைகளை மாற்றி, மறுபடி சுண்ணாம்பிலேயே மூடினார். பதினெட்டு நாள் வேலை.

பிள்ளைகளே, உங்கள் தாத்தா வீட்டு மச்சு தொய்ந்தால் அதன் கீழே படுக்காதீர்கள். முதலில் முட்டுக் கொடுங்கள். பிறகு கட்டை நுனியைப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்தால் கேடு கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

அந்த மேஸ்திரிக்குச் சிஷ்யர் யாரும் இல்லை. சிவில் படித்த என் மாணவர்கள் ஒருமுறை வந்து அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு நம் வீட்டில்.