திருநெல்வேலிப் பாளையக்காரர் வரி எதிர்ப்பு (1755–1801)

ஆர்க்காட்டு நவாபும் அவருக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனியும் கேட்ட கிஸ்தியை (தவணை வரியை) எதிர்த்துத் திருநெல்வேலிச் சீமையில் நடந்த ஆயுதக் கிளர்ச்சிகளின் தொடர். நெற்கட்டும்செவல் புலித்தேவரில் தொடங்கி, பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையோடு முடிந்தது. வரி கட்ட மறுத்த வீரம் என்றே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் பாளையக்காரர்களும் குடிகளிடம் வரி வாங்கியவர்கள்தான். நெல்லை விளைவித்தவனிடம் கை நீட்டும் உரிமை யாருக்கு என்பதே வழக்கின் வேர்.

தமிழகத்தில் குடிகளே திரண்டு வரியை எதிர்த்ததற்கு இதைவிடப் பழைய சான்று உண்டு. 1429-இல், விஜயநகர ஆட்சியில், காவிரிப் பகுதியின் வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினர் ஒன்றுகூடி, விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியைத் தவிர வேறெதையும் தருவதில்லை என்று முடிவெடுத்தனர். திருவைகாவூர், கொறுக்கைக் கோயில் கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன. திருநெல்வேலியில் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர்கள் ஊர்க்கூட்டத்தார் அல்லர். கோட்டையும் ஆயுதமும் வைத்திருந்த தலைவர்கள்.

பின்னணி. பதினாறாம் நூற்றாண்டில் மதுரை விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. திருநெல்வேலிச் சீமையின் மேற்கே, மலையடிவாரத்தில், ஊத்துமலை, சிவகிரி, சொக்கம்பட்டி, நெற்கட்டும்செவல் போன்ற மறவர் பாளையங்கள் அமைந்தன. கிழக்கே கரிசலில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், நாகலாபுரம் போன்ற தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள் இருந்தன. தாமிரபரணிக் கரையின் நஞ்சை பெரும்பாலும் இவற்றுக்கு வெளியே, நேரடி சர்க்கார் நிலமாக இருந்தது. கால்வாய்ப் பாசனத்தில் விளைந்த அந்த நெல்லே சீமையின் செல்வம். மானாவாரிக் கரிசலுக்கோ ஐப்பசி மழை பொய்த்தால் அந்த ஆண்டு போனதுதான்.

இங்கேதான் காவல் முறை முக்கியமாகிறது. ஊரைத் திருட்டிலிருந்து காப்பதற்கு ஊரார் தரும் கூலி ஸ்தலகாவல். பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்குப் பாளையக்காரர் வாங்கியது தேசகாவல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆட்சி தளரத் தளர, பாளையக்காரர்கள் இந்தத் தேசகாவலைச் சர்க்கார் ஊர்களுக்கும் நீட்டினார்கள். கொடுக்க மறுத்த ஊரில் களவு போவது வியப்பில்லை. கம்பெனி இதைக் கொள்ளை என்றது. பாளையக்காரர் தம் பரம்பரை உரிமை என்றனர். இரண்டிலும் உண்மை இருந்தது. பாதிக்கப்பட்ட உழவனுக்கு இரு தரப்பும் ஒன்றே.

புலித்தேவர். 1755-இல் நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் கம்பெனியின் கர்னல் ஹெரானும் படையோடு தெற்கே வந்து பாக்கி கேட்டனர். நெற்கட்டும்செவல் கோட்டை முன் நின்று 20,000 ரூபாய் கேட்ட ஹெரான், அது கிடைக்காமலே திரும்பினார். பின்னர் யூசுப்கான் 1761-இல் அக்கோட்டையையும் வாசுதேவநல்லூரையும் பிடித்தார். நவாபுக்காக வசூல் செய்த அவரே 1764-இல் நவாபுக்கு எதிரியாகி மதுரையில் தூக்கிலிடப்பட்டார்.

கட்டபொம்மன். 1792 உடன்படிக்கையின்படி பாளையக்காரரிடம் கிஸ்தியை நேரடியாக வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. நவாபின் ஆட்களிடம் தவணை சொல்லலாம், பேரம் பேசலாம், படை வந்தால் கொஞ்சம் கட்டிச் சமாளிக்கலாம். கலெக்டரின் கணக்குப் புத்தகத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. 1798 மே மாத முடிவில் வீரபாண்டிய கட்டபொம்மனின் பாக்கி 3,310 பகோடா (பொன் நாணயம்). கலெக்டர் ஜாக்சன் அவரை ஊர் ஊராக அலையவிட்டு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது நிலுவை 1,080 பகோடாவாகக் குறைந்திருந்தது. 1959-இல் வெளிவந்த திரைப்படத்தின், வரி தர மறுக்கும் கட்டபொம்மனை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு இது கசக்கலாம். ஆனால் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டியவர் அவர். சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். ஜாக்சன் பதவி நீக்கப்பட்டு, லூஷிங்டன் கலெக்டரானார்.

லூஷிங்டன் கிஸ்தியை வசூலிப்பதோடு தேசகாவலையும் ஒழிக்கப் பார்த்தார். சமரசத்துக்கு இடம் இல்லாமல் போனது இதனால்தான் என்று கருதலாம். கிஸ்தி கட்டினால் பணம் போகும்; காவல் போனால் பாளையக்காரர் பாளையக்காரராகவே இருக்க முடியாது. 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியை முற்றுகையிட்டார். தப்பிய கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுக்க, அக்டோபர் 16-இல் கயத்தாற்றில், கூட்டி வைத்த பாளையக்காரர்கள் முன்னிலையில் கம்பெனியார் தூக்கிலிட்டனர்.

1801. பிப்ரவரி 2-ஆம் தேதி, கம்பெனிப் படை சங்கரன்கோவிலில் இருந்த வேளையில், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாள்களில் மண்ணும் வைக்கோலுமாக மறுபடி எழுந்து நின்றது. குடிகள் திரளாகக் கை கொடுக்காமல் இது நடந்திருக்காது. மார்ச் 31-இல் கம்பெனிப் படைத் தலைவர் மெக்காலே நடத்திய தாக்குதல் பெரும் உயிரிழப்போடு தோற்றது.

அப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், வாய் பேச வராத ஊமைத்துரை சைகையாலேயே படையை நடத்தியதை வியந்து எழுதியிருக்கிறார். உள்ளங்கையில் சிறு வைக்கோல் துண்டுகளை அடுக்கி வெள்ளையர் படை என்று காட்டி, அப்படியே தட்டிவிடுவாராம். மே 24-இல் கோட்டை விழுந்தபின், காயமுற்றுக் கிடந்த அவரை ஊர்ப் பெண்கள் தூக்கிச் சென்றனர். தேடிவந்த, கம்பெனிப் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்களிடம் அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று சொல்லி ஒப்பாரி வைத்து மறைத்ததையும் வெல்ஷ் பதிவு செய்திருக்கிறார். கிளர்ச்சி கிஸ்தித் தகராறு என்ற எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. ஊமைத்துரை சிவகங்கை மருது சகோதரர்களிடம் அடைக்கலம் புகுந்தார். ஜூன் 16-இல் திருச்சியில் ஒட்டப்பட்ட மருதுவின் அறிக்கை எல்லாச் சாதியாரையும் ஐரோப்பியருக்கு எதிராக அழைத்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும், நவம்பர் 16-இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் கொல்லப்பட்டனர். 1802-இல் எழுபதுக்கும் மேற்பட்டோர் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

விளைவுகள். 1801 ஜூலை உடன்படிக்கையால் கர்நாடகம் முழுதும் கம்பெனியிடம் வந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதம் வைத்திருப்பது குற்றமானது. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே ஆவணங்களிலிருந்து நீக்கப்பட்டது. அதன் நிலங்களில் ஒரு பங்கு கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்துக்குப் போனது. எஞ்சிய பாளையக்காரர்கள் 1803-இல் நிரந்தர பேஷ்குஷ் (கப்பம்) கட்டும் ஜமீன்தார்களாக ஆக்கப்பட்டனர். வாளுக்குப் பதில் வக்கீலும் கடனும் அவர்களுடைய ஆயுதமாயின. விளைச்சலில் குடிகள் தர வேண்டிய வாரம் குறையவில்லை. வசூலிக்க நீதிமன்றம் பக்கபலமானது. அந்த ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன.

காவல் மட்டும் காகிதத்தில் ஒழிந்து ஊரில் நின்றது. 1917-இல் திருநெல்வேலி மாவட்ட விவரச்சுவடியை எழுதிய பேட், காவற்காரர் கூலி வாங்குவதையும், களவு போன மாட்டைப் பணம் கொடுத்து மீட்பதையும் நடப்பு வழக்கமாகவே விவரிக்கிறார்.