கம்பம் பள்ளத்தாக்கும் சிவமூலியும்

கம்பம் பள்ளத்தாக்கில் கஞ்சா என்றவுடன் இன்று வருசநாட்டு மலைச்சாரலும் காவல்துறை வழக்கேடுமே பலர்க்கும் நினைவில் எழும். அதே செடிக்குச் சிவமூலி எனப் பெயரிட்ட மரபு வேறு. சித்த மருத்துவ நச்சுப்பொருள் அட்டவணையில் அது எட்டியோடு வைத்து எண்ணப்படும். நஞ்சே அளவறிந்து மருந்தாகும் என்பது நம் மருத்துவர் கொள்கையன்றோ?

1893இல் அமைக்கப்பெற்ற இந்தியக் கஞ்சாப் பொருள் ஆணைக்குழு, 1,193 சான்றினரை உசாவி, மிதமான பழக்கத்தால் பெருந்தீங்கில்லை என்றும் முழுத்தடை வேண்டா என்றும் கூறிற்று. 1985ஆம் ஆண்டுச் சட்டமோ பூந்தலையையும் பிசினையும் தடுத்தது. தனித்த இலை அச்சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வாராது. இவ்வேறுபாட்டை நோக்காது, நோவுக்கு இலை உண்டாரையும் மயக்கத்துக்குப் பூப்புகைத்தாரையும் ஒருங்கே வைத்தெழுதுவது வரலாறாகாது. அச்சட்டத்துக்கு முன்னரே வயதுவந்தோர் இன்று அறுபதை அணுகியோரும் கடந்தோருமே. அவர்தம் வாய்மொழி எவ்வழக்கேட்டிலும் இடம்பெறுவதன்று.