ஏக்கரா, ஹெக்டேரா? துண்டுப் பிரசுரத்தை யாரு சரிபார்க்குறது?

எங்க தெருப் பையன் ஒருத்தன் இந்த வருஷம் வெண்டை போட்டிருக்கான். ஒருநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பழுப்பேறிப்போன துண்டுப் பிரசுரம். அவங்க தாத்தா டைரிக்குள்ள மடிச்சு வெச்சிருந்ததாம். "அண்ணே, காய்ப்புழுவுக்கு இதுல ரெண்டு மருந்து போட்டிருக்கு. மொத மருந்து கடையில வர்றதே இல்லங்குறாங்க. ரெண்டாவதைத் தேடி வாங்கி அடிக்கலாமா?"ன்னு கேட்டான்.

மொத மருந்து எண்டோசல்ஃபான். 2011 மே மாசம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிறுத்தி வெச்சது. ரெண்டாவது மோனோகுரோட்டோபாஸ். காய்கறிப் பயிருக்கு அதை அடிக்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2005-லயே தடை போட்டாச்சு. "அடிக்காதடா, அந்த வெண்டைக்காய உன் புள்ளையும்தான் திங்கும்"னு சொல்லிட்டேன்.

அப்புறம் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். தலைப்பு இருக்கு, பயிர் பேர் இருக்கு, அளவு இருக்கு. வருஷம் மட்டும் எங்கயும் இல்லை. அச்சடிச்ச அன்னிக்கு அது தப்பான தகவல் இல்லீங்க. அன்னிக்கு அதுதான் சிபாரிசு. ஆனா தேதி இல்லாத காகிதம் சாகவே சாகாது. முப்பது வருஷம் கழிச்சும் டைரியிலேர்ந்து எழுந்து வந்து யோசனை சொல்லும்.

இதை நான் ஏன் இவ்வளவு பெரிசா எடுத்துக்கறேன்னா, எனக்கே ஒரு காகிதம் ஒரு போகத்தைக் காவு வாங்கியிருக்கு.

இருபது வருஷம் இருக்கும். நடவு வயலுக்குக் களைக்கொல்லி புதுசா பழகிக்கிட்டிருந்த நேரம். ஆள் பற்றாக்குறை ஆரம்பிச்சிருந்துச்சு. ஒரு கூட்டத்துல கொடுத்த பிரசுரத்துல பூட்டாகுளோர் ஏக்கருக்கு 2.5 லிட்டர்னு போட்டிருந்தாங்க. நட்ட மூணாம் நாள், மணலோட கலந்து, மெல்லிசா தண்ணி நிறுத்தி, சொன்னபடியே மூணு மாவுக்கும் வீசினேன். எங்க பக்கம் மூணு மான்னா ஒரு ஏக்கர். களை வரலை. ஆனா பயிரும் வரலை. மஞ்சளிச்சு, குறுகி, தூர் கட்டாம அப்படியே நின்னுச்சு. பக்கத்து வயல்காரர் பார்த்துட்டு, "என்னப்பா, நாத்து நட்டியா, நாத்துக்குச் சமாதி கட்டுனியா?"ன்னு கேட்டார்.

பிற்பாடு ஒரு வேளாண் அலுவலர்கிட்ட அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அவர் பார்த்ததும் தலையில கைய வெச்சுக்கிட்டார். சிபாரிசு ஹெக்டேருக்கு 1.25 கிலோ மூலப்பொருள். ஐம்பது சதவீத மருந்துன்னா ஹெக்டேருக்கு 2.5 லிட்டர். ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ரெண்டரை ஏக்கர். அப்போ ஏக்கருக்கு 1 லிட்டர்தான் வரணும். மாவுக்கு மூணில் ஒரு லிட்டர். யாரோ எடுத்து எழுதும்போது ஹெக்டேர் ஏக்கரா மாறிடுச்சு. ஒரே ஒரு வார்த்தை. நான் போட்டது ரெண்டரை மடங்கு மருந்து.

யார் மேல கோவப்படுறது? ஆராய்ச்சி தப்பில்லை, மருந்து தப்பில்லை, நான் செஞ்சதும் தப்பில்லை. ஆனா கடன் என் பேர்ல இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் இந்தச் சிபாரிசெல்லாம் எங்கேர்ந்து வருது, யாரு சரிபார்க்குறாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

நம்ம ஊர்ல வேளாண் படிப்போட வேர் 1868-ல சென்னை சைதாப்பேட்டையில தொடங்கின பள்ளிக்கூடம். அது 1906 வாக்குல கோயம்புத்தூருக்குப் போச்சு. 1971-ல தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆச்சு. அதே காலத்துல அமெரிக்காவுல ஒரு வேடிக்கை நடந்திருக்கு. 1887-ல ஹாட்ச் சட்டம்னு ஒண்ணு போட்டு, மாநிலத்துக்கு மாநிலம் ஆராய்ச்சி நிலையம் வைக்கப் பணம் கொடுத்தாங்க. கூடவே ஒரு நிபந்தனை: மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது பிரசுரம் போடணும், கேட்கிற விவசாயிக்கு அனுப்பி வைக்கணும்.

நல்ல எண்ணம்தான். ஆனா நம்மளுக்குத் தெரியாதா? மூணு மாசத்துல ஒரு நெல்லே முழுசா விளையாது. ஒரு உரம் சரியா தப்பான்னு சொல்ல நாலஞ்சு போகம் வேணும். காகிதத்துக்குக் கெடு வெச்சா, ஆராய்ச்சி முடியறதுக்கு முன்னாடி அச்சு முடிஞ்சிடும். 1906-ல ஆடம்ஸ் சட்டம் வந்தப்போ, அந்தப் பணத்தை அசல் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் செலவழிக்கணும்னு கட்டுப்பாடு வெச்சாங்க. 1914-ல ஸ்மித்-லீவர் சட்டம் வந்து, விவசாயிகிட்ட கொண்டுபோய்ச் சொல்ற விரிவாக்கப் பணிக்குன்னு தனியா பணமும் ஏற்பாடும் வந்துச்சு. இன்னிக்கு அங்க கலிஃபோர்னியா மாதிரிப் பல்கலைக்கழகங்கள்ல ஒருத்தர் எழுதினதைச் சம்பந்தமில்லாத மத்த நிபுணர்கள், பேர் தெரியாம, படிச்சுத் திருத்தின பிறகுதான் வெளியிடறாங்க. புளோரிடாவுல பிரசுரத்துலயே மொதல்ல எப்ப வந்தது, எப்ப திருத்தினது, கடைசியா எப்ப சரிபார்த்ததுன்னு போடறாங்க.

நம்மகிட்ட சோதனையே இல்லைன்னு சொல்ல வரலை. இருக்கு, நல்லாவே இருக்கு. ஒரு நெல் ரகம் வெளிய வரணும்னா மொதல்ல ஆராய்ச்சி நிலையத்துல தேறணும். அப்புறம் பல இடத்துல போட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் ஏ.ஆர்.டி. திடல்னு விவசாயி வயல்லயே போட்டுப் பார்ப்பாங்க. எல்லாம் தேறின பிறகு ரக வெளியீட்டுக் குழு உட்கார்ந்து முடிவு பண்ணும். மருந்துன்னா 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி எந்தப் பயிருக்கு எவ்வளவுன்னு மத்திய வாரியத்துல பதிவு ஆகணும். பல்கலைக்கழகமும் வேளாண் துறையும் சேர்ந்து போடற பயிர் உற்பத்திக் கையேடு இதையெல்லாம் வடிகட்டின சரக்குதான். 2012-ல ஒண்ணு வந்துச்சு, 2020-ல ஒண்ணு வந்துச்சு. அதுல குறுகிய கால நெல் நடவுக்கு விதை ஹெக்டேருக்கு 60 கிலோ, மத்திய காலத்துக்கு 40, நீண்ட காலத்துக்கு 30-ன்னு பிரிச்சே போட்டிருப்பாங்க.

காகிதம் இல்லாமலும் நம்பிக்கை வந்த காலம் ஒண்ணு உண்டு. 1960-கள்ல தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஆடுதுறை 27 வந்தப்போ, திருச்சி வானொலி அதைப்பத்தி விடாம சொல்லிச்சு. சனங்க அதுக்கு ரேடியோ நெல்லுன்னே பேர் வெச்சுட்டாங்க. வானொலியில கேட்டதை அடுத்தவன் வயல்ல கண்ணால பார்க்க முடிஞ்சுது. அதான் சோதனை.

1981-ல உலக வங்கி உதவியோட பயிற்சி-பார்வை முறை வந்துச்சு. பெரியவங்க டி அண்டு வி-ன்னு சொல்லுவாங்க. அலுவலர் குறிச்ச கிழமையில, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கிராமத்துக்கு வருவார். அவருக்கும் முறையாப் பயிற்சி உண்டு. விஞ்ஞானியும் துறை ஆளுங்களும் மாசாமாசம் உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்லணும்னு பேசி முடிவு பண்ணுவாங்க. நம்ம வயல்ல என்ன கோளாறுங்கறதும் அதே வழியில மேல போகும். குறை இருந்துச்சு, எல்லாத்துக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்கிறாங்கன்னு பேச்சும் இருந்துச்சு. ஆனா சொன்ன ஆள் அடுத்த ரெண்டு வாரத்துல திரும்ப அதே வரப்புல நிக்கணும். தப்பாச் சொன்னா முகத்துக்கு நேரா கேட்கலாம். திட்டப் பணம் நின்ன பிறகு அந்த முறை தேஞ்சு போச்சு. காகிதம் மட்டும் மிச்சமாச்சு.

என் அனுபவத்துல ஓட்டை எங்க இருக்குன்னா, கடைசிப் படியில. ரகத்தை நாலு இடத்துல சோதிக்கிறோம். மருந்தைப் பதிவு பண்றோம். ஆனா கையேட்டுலேர்ந்து ரெண்டு பத்தியை எடுத்து, தமிழாக்கி, தட்டச்சு பண்ணி, அச்சகத்துல கொடுத்து, கண்காட்சியில கையில திணிக்கிறாங்களே, அந்தத் துண்டுக் காகிதத்தை ஒரு தடவை படிச்சுப் பார்க்க ஆள் இல்லை. விஞ்ஞானி ஹெக்டேர்ல எழுதறார். கடைக்காரர் ஏக்கர்ல பேசறார். நான் மாவுல உழுறேன். இந்த மூணுக்கும் நடுவுல கணக்குப் போடறவன் யாரோ, அவன் கையிலதான் என் பயிர் இருக்கு.

பெரிசா ஒண்ணும் கேட்கலை. எந்தப் பிரசுரமா இருந்தாலும் மாசம், வருஷம் போடுங்க. எத்தனை வருஷத்துக்குச் செல்லும்னு போடுங்க. அளவை ஹெக்டேருக்கும் ஏக்கருக்கும் ரெண்டுக்குமே எழுதுங்க. மூலப்பொருள் அளவா, டப்பா மருந்து அளவான்னு தெளிவாச் சொல்லுங்க. எழுதினவர் இல்லாத இன்னொருத்தர், அந்தப் பயிர் தெரிஞ்சவர், அச்சுக்கு முன்னாடி எண்களை மட்டுமாவது ஒரு தடவை சரிபார்க்கட்டும். அப்புறம் ரெண்டு விவசாயிகிட்ட கொடுத்து, "படிச்சு என்ன புரிஞ்சுது, சொல்லுங்க"ன்னு கேளுங்க. என்னைக் கூப்பிட்டா நான் வர்றேன், டீக்காசு கூட வேணாம். தடை வந்த மருந்து இருந்தா, பழைய பிரசுரம் செல்லாதுன்னு பஞ்சாயத்துப் பலகையில ஒரு சீட்டு ஒட்டுங்க.

அந்தப் பையன் கடைசியா, "அப்போ இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடவாண்ணே?"ன்னு கேட்டான். வேணாம்னேன். அவங்க தாத்தா நம்பிக்கையா மடிச்சு வெச்சது. மேல சிவப்புப் பேனாவுல "இந்த ரெண்டு மருந்தும் இப்ப கூடாது"ன்னு எழுதி, இன்னிக்குத் தேதியும் போட்டு, திரும்ப டைரியிலயே வைக்கச் சொன்னேன். செஞ்சுட்டு எனக்குப் படம் அனுப்பினான்.

உங்க வீட்டுப் பரண்லயும் பெட்டியிலயும் இப்படிக் காகிதம் இருக்கும். எடுத்துப் பாருங்க. வருஷம் இல்லைன்னா நம்பாதீங்க. அளவு ஏக்கருக்கா ஹெக்டேருக்கான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அலுவலர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் மருந்துல கை வைங்க.