சேமிப்பக டிரைவர் தேர்வு: ஓசூர்த் தொழிற்கூடக் கணினிகளை முன்வைத்து

சேமிப்பக டிரைவர் என்பது இயங்குதளத்துக்கும், டிஸ்க்கை ஆளும் கட்டுப்படுத்திச் சில்லுக்கும் இடையே நின்று பேசும் சிறு மென்பொருள். பிரிண்டருக்கோ ஒலிக்கோ உரிய டிரைவரை விண்டோஸ் போட்டு முடித்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் அப்படித் தள்ளிப்போட வழியில்லை. நிறுவும்போது இது இல்லையென்றால் டிஸ்க் பட்டியல் வெறுமையாக நிற்கும். நிறுவிய பின் பொருந்தாமல் போனால் 7பி என்ற எண்ணுள்ள நீலத்திரையோடு விண்டோஸ் நின்றுவிடும். எது சரியான டிரைவர் என்பதை டிஸ்க்கின் பிராண்டோ டிரைவரின் தேதியோ முடிவு செய்வதில்லை. பயாஸில் கட்டுப்படுத்தி எந்த முறையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. ஆகவே முறையை முதலில் தீர்மானித்து, அதற்குரிய டிரைவரை அடுத்துத் தேட வேண்டும்.

ஓசூரில் இந்த வரிசைக்குக் கூடுதல் எடை உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பின் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் வந்தன; உதிரிபாகம் கடைந்து தரும் சிறு தொழிற்கூடங்கள் அவற்றைச் சுற்றிப் பெருகின. நல்ல சி.என்.சி. எந்திரம் இருபது ஆண்டுகள்கூட உழைக்கும். அதை இயக்கும் கணினியின் டிஸ்க் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. சீமென்ஸின் சைனுமெரிக் 840டி வகையில் வரும் பி.சி.யு. 50 என்ற கணினிப் பகுதி விண்டோஸ் என்.டி.யிலும் பிறகு எக்ஸ்.பி.யிலும் ஓடியது. எக்ஸ்.பி.க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தாலும் அத்தகைய எந்திரங்களின் உழைப்பு அன்றோடு முடிந்துவிடவில்லை. இன்னொரு புறம், விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் அலுவலகக் கணினிகளில் புதிதாக விண்டோஸ் போடும் வேலை கூடியிருக்கிறது. இரண்டு தலைமுறைக் கணினிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில், ஒன்றுக்குச் சரியான பழக்கம் மற்றொன்றைக் கெடுக்கும்.

2001-இல் வந்த எக்ஸ்.பி.யில், கட்டுப்படுத்தி முறைகளில் ஒன்றான ஏ.ஹெச்.சி.ஐ.க்கான டிரைவர் கிடையாது. அந்த முறையின் முதல் வரையறையே 2004-இல்தான் வெளியானது. அதனால் எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுத்தார்கள், இல்லையேல் பயாஸில் ஐ.டி.இ. முறைக்கு இறங்கினார்கள். விஸ்டாவில் ஏ.ஹெச்.சி.ஐ. டிரைவர் உள்ளேயே வந்தது. விண்டோஸ் 7-இல் என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. டிஸ்க்குக்கான டிரைவர் முதலில் இல்லை. பின்னர் திருத்தமாகக் கொடுத்தார்கள். 8.1 முதல் அது உள்ளடக்கம். இத்தோடு சிக்கல் தீர்ந்தது என்று நினைக்கும் வேளையில், இன்டெலின் 11-ஆம் தலைமுறை லேப்டாப்கள் பலவும் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்கும் நிலையில் விற்பனைக்கு வந்தன. அதில் என்.வி.எம்.இ. டிஸ்க் நேராகத் தெரியாமல் வி.எம்.டி.யின் பின்னால் மறைந்து நிற்கும். அதற்கு இன்டெலின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை நிறுவல் திரையில் கொடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. பழுது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கினாலும் அதே வெறும் பட்டியல்தான் தோன்றும்.

வி.எம்.டி.யை அணைத்துவிட்டால் டிரைவரே வேண்டாமே என்பது பலரின் வாதம். ஒரே எஸ்.எஸ்.டி. உள்ள, அழிக்கத் தயாரான கணினியில் அது முற்றிலும் நியாயம். நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டு டிஸ்க்குகளை ரெய்டாகப் பிணைத்து வைத்த வடிவமைப்புக் கணினியில் முறையை மாற்றினால், அந்தத் தொகுதி தனித்தனி டிஸ்க்குகளாகத் தெரியும். அப்போது நிறுவல் திரையில் ஒன்றை அழித்தால் வரைபடங்கள் போய்விடும். ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் மாற்றினால் அந்த 7பி நீலத்திரை வரக்கூடும், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் சாவியை எழுதி வைத்து, சேஃப் மோடில் ஏறும்படி முன்பே அமைத்துவிட்டு மாற்றுவது பாதுகாப்பு.

புதிய டிரைவரே எப்போதும் நல்லது என்பதும் பொருந்தாது. இன்டெல் டிரைவரின் புதிய பதிப்புகள் பழைய தலைமுறைக் கட்டுப்படுத்திகளைக் கைவிடுவது வழக்கம். டிரைவருக்குள் எழுதியிருக்கும் சாதன எண்தான் அளவுகோல்: 11-ஆம் தலைமுறை லேப்டாப்பின் வி.எம்.டி.க்கு 9ஏ0பி, 12-ஆம் தலைமுறைக்கு 467எஃப். பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் நிறுவல் திரைக் குறியை அகற்றாமல் விட்டால் விண்டோஸே இதை ஒப்பிட்டுக் காட்டும். எல்லா டிரைவரையும் திணித்த தொகுப்புகளை இங்கே தவிர்ப்பது நலம். லேப்டாப் நிறுவனம் அந்த மாடலுக்கென்று தரும் கோப்பே போதும்.

லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை என்பது பாதி உண்மை. என்.வி.எம்.இ. டிரைவர் 2012-இல் வந்த 3.3 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இப்படிக் கெர்னலோடு வரும் டிரைவர்களையே நம்புகிறது. ஆயினும் வி.எம்.டி.க்கு முந்தைய இன்டெல் கணினிகளில் ரெய்டு முறை இயங்கினால், என்.வி.எம்.இ. டிஸ்க்கை லினக்ஸ் நிறுவல் காணாது. அங்கே விண்டோஸைப் போல ஏற்றிக்கொள்ளத் தனி டிரைவரும் கிடைக்காது. பயாஸ் முறையை மாற்றுவது ஒன்றே வழி. இரண்டு இயங்குதளங்களையும் ஒரே டிஸ்க்கில் வைக்க விரும்புவோர் விண்டோஸ் போடுமுன்பே ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாறிவிட வேண்டும்.