தோப்பி: நம்ம வீட்டு அடுப்பில் இருந்த பீர்

பீர் வெள்ளைக்காரன் சரக்கு, கள்ளுதான் நம்ம சரக்கு என்று பேச்சுவாக்கில் சொல்வோம். பாதிதான் சரி. கிரிவல ஊர்ல இருந்துகிட்டு இதைப் பேசலாமா என்று கேட்காதீங்க. இந்தப் பக்கத்துப் பழைய பாட்டே விருந்தோடு மதுவையும் சேர்த்துத்தான் சொல்லுது.

திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் செங்கம். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாத்தின் தலைவன் நன்னனுடைய ஊர். பாட்டில் வரும் நவிரமலைதான் பர்வதமலை என்பார்கள். கூத்தர்களுக்கு நன்னனிடம் போக வழி சொல்லும்போது, மலைக்குடிகள் மூங்கில் குழாயில் ஊற்றி முற்றவைத்த தேன் மதுவும் கிடைக்கும் என்கிறது பாட்டு. ஆனால் செய்முறை இல்லை.

செய்முறை இருப்பது அதே பத்துப்பாட்டில், காஞ்சிக்குப் போகும் வழியைச் சொல்லும் பெரும்பாணாற்றுப்படையில். வலைஞர் குடியிருப்பில் நடக்கும் வேலையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் படிப்படியாகச் சொல்லிவிடுகிறார். என் வார்த்தையில் தருகிறேன். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சணும். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிடணும். ஆறினபிறகு, புற்றாஞ்சோறு மாதிரி இருக்கும் நல்லடையைக் கலக்கணும். இரண்டு பகல், இரண்டு இரவு போகணும். ஜாடியில் நன்றாக விளைந்ததும் வெந்நீர் சேர்த்து அரித்து, விரலால் அலைத்துப் பிழியணும். கூடவே சுட்ட மீன்.

இதில் நல்லடை என்பதுதான் முக்கியம். முளையை இடித்துச் செய்த அடை என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தானியம் முளைவிடும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதில் உண்டாகும். பார்லியை முளைகட்டி மால்ட் ஆக்கி பீர் செய்கிறவர்களும் இதைத்தான் நம்புகிறார்கள். பனங்கள்ளுக்கு இந்த வேலையே வேண்டாம். பதநீரிலேயே சர்க்கரை இருக்கிறது, ஈஸ்ட் காற்றிலேயே வந்து சேரும். அதனால் கள்ளு ஒரு இனம், இந்த அரிசி மது வேறு இனம். இரண்டாவதுக்கு இன்றைய பெயர் பீர்தான்.

ஏன் ஆறவிட்டுக் கலக்கச் சொல்றாங்க? கொதிக்கிற களியில் முளைமாவைப் போட்டால் நொதி செத்துவிடும். தட்டு வாயகன்று இருப்பதும் சீக்கிரம் ஆறத்தான். நொதி என்ற சொல் இல்லாமலே கைப்பழக்கத்தில் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதே பாட்டில் தோப்பி என்றொரு பெயரும் வருகிறது. நெல்லிலிருந்து செய்யும் மது. வீட்டில் சமைத்தது என்ற அடைமொழியோடுதான் அதைச் சொல்கிறார் புலவர். இரண்டு நாளில் விளையும் மது அதிக நாள் தாங்காது. ஊர்விட்டு ஊர் கொண்டுபோய் விற்க முடியாது. அங்கங்கே செய்து அங்கங்கே குடிக்க வேண்டியதுதான். ஐரோப்பிய பீரில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டார்கள். கசப்பு, மணத்தோடு அது கெடாமலும் காக்கும். அதனால்தான் இங்கிலாந்து பேல் ஏல் மாதக்கணக்கில் கப்பலில் மிதந்து மதராஸ் வரைக்கும் வந்தது. இன்றைக்கு வீட்டில் பீர் செய்கிறவர்கள் விரும்பிச் செய்யும் ஐ.பி.ஏ. வகைக்கு மூலம் அந்தச் சரக்குதான்.

கப்பலில் வருவதையும் கடையில் விற்பதையும் அளக்கலாம், வரி போடலாம். வீட்டு ஜாடியை எப்படி அளப்பது? 1886-ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டம் உரிமம் இல்லாமல் மது செய்வதைக் குற்றமாக்கியது. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1939-ல் அது வடஆர்க்காட்டுக்கும் வந்தது. 1989 வரைக்கும் நம்ம திருவண்ணாமலை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1971-ல் விலக்கு தளர்ந்தது, திரும்ப வந்தது, திரும்பப் போனது. 1983-ல் டாஸ்மாக். 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-லிருந்து சில்லறைக் கடையும் டாஸ்மாக்கிடமே. கொள்கை எத்தனை முறை மாறினாலும் வீட்டு ஜாடிக்கு மட்டும் இடமில்லை. சட்டம் கொண்டுவந்த பிரிட்டனிலேயே 1963-ல் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம் என்றார்கள். அமெரிக்கா 1978-ல் அனுமதித்தது. இங்கேயே அஸ்ஸாம் திமாசா மக்களின் ஜுடிமா அரிசி மது 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியது.

குடிங்க என்று சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் செய்தால் இன்றைக்கும் குற்றம்தான், செய்யாதீங்க. குடியால் அழிந்த வீடுகள் நம்ம தெருவிலும் உண்டு. சொல்ல வந்தது வேறு. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். செய்தித்தாளில் அடுத்த நாளே "ஊறல் அழிப்பு" என்று படம் வந்தால் நமக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஜாடியில் புளிப்பது, அடுப்பில் வடிப்பது, ஆலை ரசாயனத்தைக் கலப்பது என மூன்றும் மூன்று வேலை. அந்த வித்தியாசம் ஒரு காலத்தில் அரிசி களைந்த கைக்குத் தெரிந்திருந்தது. தோப்பியோடு அந்த அறிவும் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.