கண்ணாடித் தகட்டில் ஓர் ஆச்சரியக்குறி

1923 அக்டோபர் 5-ஆம் தேதி இரவு. கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் மலைமேல், அன்றைக்கு உலகிலேயே பெரிதாக இருந்த 100 அங்குலத் தொலைநோக்கியில், வெள்ளி உப்புக் கலவை பூசிய ஒரு சிறு கண்ணாடித் தகட்டைப் பொருத்தினார் எட்வின் ஹபிள். 45 நிமிடம் ஆன்ட்ரமீடாவின் ஒளி அதன்மேல் விழுந்தது. பதிவேட்டில் அந்தத் தகட்டுக்கு ஹெச்-335-ஹெச் என்று பெயர்.

தகட்டைக் கழுவிப் பார்த்தபோது சந்தேகத்துக்குரிய மூன்று புள்ளிகள். திடீரென்று பிரகாசித்து அடங்கும் நோவாக்கள் என்று எண்ணி, மூன்றுக்கும் மையால் குறியிட்டார். பழைய தகடுகளை எடுத்து ஒப்பிட்டால், அந்த மூன்றில் ஒரு புள்ளி முன்பிருந்தே கூடியும் குறைந்தும் ஒளிர்ந்து வந்திருக்கிறது. நோவா அப்படித் துடிக்காது. போட்ட குறியை அடித்துவிட்டு, மாறும் விண்மீன் என்பதன் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டார். விஞ்ஞான ஆவணங்களில் இவ்வளவு வெளிப்படையான மகிழ்ச்சியை நான் அதிகம் கண்டதில்லை.

மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. அது சீஃபீடு வகை விண்மீன். 31 நாளுக்கு ஒருமுறை துடிப்பது. ஹார்வர்டு வானாய்வகத்தில் ஹென்ரியட்டா லெவிட், சிறிய மெகல்லன் மேகத்தின் தகடுகளைப் பொறுமையாக அளந்து, மெதுவாகத் துடிக்கும் சீஃபீடு அதிகப் பிரகாசமானது என்று 1912-லேயே காட்டியிருந்தார். துடிப்பை எண்ணினால் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும். எவ்வளவு மங்கித் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். ஹபிளுக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. ஆன்ட்ரமீடா நம் பால்வீதிக்கு வெளியே நிற்கும் தனிக் கேலக்ஸி என்பது அதோடு உறுதியானது. லெவிட் 1921-இலேயே இறந்துபோயிருந்தார்.

ஆன்ட்ரமீடா நம்மை நோக்கி வருகிறது. ஆகவே கேலக்ஸிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் பிரபஞ்ச விரிவை அது மட்டும் சொல்லாது. ஆனால் அந்தத் தகடு திறந்த வழியில்தான் மற்ற கேலக்ஸிகளின் தூரங்களும் வந்தன. வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்து வைத்திருந்த வேகங்களோடு அவற்றைச் சேர்த்து, தூரம் கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்று 1929-இல் ஹபிள் எழுதினார். பெல்ஜியத்தின் லெமைத்ர் இதை 1927-லேயே கண்டிருந்தார். ஹபிளின் கணக்கில் விரிவு வீதம், 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு வினாடிக்கு 500 கி.மீ. அப்படியானால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான்; பூமியின் பாறைகளே அதைவிட மூத்தவை! சீஃபீடுகளில் இரண்டு வகை உண்டு, அவை குழம்பிவிட்டன என்று 1952-இல் வால்டர் பாடே சொன்னபோது தூரங்கள் இரட்டித்தன. இன்றைய கணக்கில் ஆன்ட்ரமீடாவின் தூரம் 25 லட்சம் ஒளியாண்டு.

தகட்டின் நகல்கள் 1990-இல், ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைச் சுமந்த டிஸ்கவரி ஓடத்திலேயே விண்வெளிக்குப் போயின. இருபது ஆண்டு கழித்து அந்தத் தொலைநோக்கி அதே விண்மீனைப் படமெடுத்தது. சீஃபீடு வழியாக வரும் விரிவு வீதம், ஹபிள் 500 என்ற அதே அளவையில், இப்போது 73. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியிலிருந்து கணக்கிட்டால் 67. இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

தூரம் கூடக்கூட வேகம் கூடும் என்பதே ஹபிள் விதி; 2018-இல் அதனோடு லெமைத்ரின் பெயரையும் சேர்க்கச் சர்வதேச வானியல் ஒன்றியம் பரிந்துரைத்தது. நம் பாடநூல்களில் அந்த விதி வரும் பக்கத்திலேயே லெவிட்டின் பெயரும் வர வேண்டும்.