அரிக்கமேட்டுத் தொட்டிகள்



ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தொட்டி என்றால் என்னவென்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர்களின் பிள்ளைகள் நாம். அதனால்தான், புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டைப் பற்றிப் படிக்கும்போது நம் கண் ரோமானிய மதுச்சாடிகளில் தங்குவதில்லை. அங்கே வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளில் போய் நிற்கிறது.

1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்புப் பாத்திர ஓடுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே தெரிந்திருந்ததால், உடன் கிடந்த நம் மண்பாண்டங்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்கே 'ரோமானிய வணிக நிலையம்' என்று பெயர் விழுந்துவிட்டது. சரக்கு வாங்க வந்தவன் பெயரில் ஊர்! 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு மறுபடி அகழ்ந்தது. ரோமச் சரக்கு வருமுன்பே அங்கே மக்கள் வாழ்ந்தது தெளிவானது.

தொட்டிகள் மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றுவதற்கானவை என்பது வீலரின் கருத்து. அப்படியானால், சாயத்தில் கை நனைத்தவர் யார்? அரிக்கமேட்டுப் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. தொட்டிச் சுவரில் பெயர் இல்லை.

அந்தச் சிவப்பு ஓடுகளிலோ பட்டறை முத்திரை உண்டு. 'கமுரி' என்று ஒன்று. அரெஸ்ஸோப் பட்டறைகளில் முதலாளியின் பெயரோடு அடிமைக் குயவரின் பெயரையும் சில சமயம் பொறித்தார்கள். ஆம்பூரில் நம் பெண்கள் தைத்துக் கப்பலேறும் ஷூவைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பது வாங்குகிற கம்பெனியின் பெயர் மட்டும்.